கொம்பை மாத்தினா புது பூதம் ஆயிடுமா?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். வகுப்பில் என்னோடு பகடை உருட்டும் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும், கேன்டீனில் பார்த்துக்கொள்வோம் :-)

விஷயம் இதுதான். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்களையே மிரள வைக்கும் புது மான்ஸ்டர் என்று சொல்லிக்கொண்டு நம்ம ஆட்கள் கொண்டுவருவதில் பத்துக்கு ஒன்பது வெறும் பெயின்ட் வேலை. பழைய ஜந்துவுக்கு ஒரு கொம்பு கூட்டுவார்கள். பச்சையாக இருந்ததை ஊதா ஆக்குவார்கள். பெயரில் நாலு மெய்யெழுத்தைச் சேர்த்து வாயில் நுழையாதபடி செய்வார்கள். மேசைக்கு வந்தால் அதே அடி, அதே உதை, அதே சாவு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. ஒருவர் கதை நடத்துவார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வீரன், மந்திரவாதி, திருடன், இப்படி. "கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், பின்னால் என்ன இருக்கிறது என்று டிஎம் சொல்வார். பெரும்பாலும் பல் உள்ள ஏதாவது ஒன்று இருக்கும். அப்புறம் இருபது முகப் பகடை உருளும். அவ்வளவுதான் ஆட்டம். பாட்டி கதை சொல்லும்போது நடுவில் புகுந்து "நான் அந்தப் பக்கம் போகலை, இந்தப் பக்கம் போறேன்" என்று சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும், அது.

சிக்கல் என்னவென்றால், ஐம்பது வருஷத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. ட்ரோல் என்று ஒரு ஜந்து. வெட்ட வெட்ட ஒட்டிக்கொள்ளும். வெட்டிய கை தானாக ஊர்ந்து வந்து உடம்போடு சேரும். தீயும் அமிலமும் மட்டும்தான் அதைக் கொல்லும். கைகாக்ஸ் இதை பால் ஆண்டர்சன் என்பவரின் நாவலிலிருந்து எடுத்தார். முதன்முதலில் ஆடியவர்களுக்கு அந்த ஊர்ந்து வரும் கை எவ்வளவு பெரிய திகிலாக இருந்திருக்கும்! இன்றைக்கு எங்கள் மேசையில் டிஎம் "பச்சைத் தோல், நீள மூக்கு..." என்று ஆரம்பித்ததுமே தீப்பந்தம் எடுத்தாகிவிட்டது. வாக்கியத்தை முடிக்கக்கூட விடுவதில்லை.

இதற்கு டிஎம்கள் செய்யும் முதல் வைத்தியம் கெஞ்சல். "உனக்குத் தெரியும், ஆனா உன் பாத்திரத்துக்குத் தெரியாதுல்ல, தெரியாத மாதிரி ஆடு." அப்புறம் நடப்பதைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் விடை தெரிந்த ஒரு கேள்விக்கு எல்லாருமாகச் சேர்ந்து மூன்று முறை தப்பு விடை சொல்வார்கள். நாலாவது முறை ஒருவர் "ஐயோ, கைதவறி விளக்கு விழுந்துடுச்சு, அட, எரியுதே!" என்பார். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில்கூட இதைவிட நல்ல நடிப்பு இருக்கும்.

இரண்டாவது வைத்தியம் எண்ணைக் கூட்டுவது. 30 ஹிட் பாயின்ட் இருந்த பூதத்துக்கு 90. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பயம் மூன்று மடங்கு ஆகாது, கொட்டாவிதான் மூன்று மடங்கு ஆகும்.

மூன்றாவது வைத்தியத்தின் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். அது நம்ம ஊர்ப் பெருமையின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறது. "நம்மகிட்ட இல்லாத பூதமா? யாளியை இறக்குவோம்டா!" சரி, இறக்கு. இறக்கினால் என்ன? சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, மூன்று தாக்குதல், பாய்ந்து கடிக்கும். தும்பிக்கை ஒட்டிய சிங்கம். நாயக்கர் காலத்து மண்டபத் தூணில் அந்த யாளியைச் செதுக்கியவன் கல்லுக்குள் எவ்வளவு திமிரை வைத்தான்! இவர்கள் அதை எடுத்து ஒரு சர்க்கஸ் மிருகம் ஆக்கிவிட்டார்கள். யாளி எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், யாருக்குக் காவல், ராத்திரியில் தூணை விட்டு இறங்குமா, இறங்கினால் அந்தத் தூண் நிற்குமா? ஒரு கேள்வி கேட்கவில்லை. வாயில் கல் உருண்டையோடு செதுக்கிய யாளிகளைப் பார்த்திருப்பீர்கள். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அந்த உருண்டையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு டிஎம் யோசித்திருந்தாலே பாதி மான்ஸ்டர் தயாராகியிருக்கும். (யாளி நிஜமாவே வாழ்ந்த விலங்கு என்று வாட்ஸப்பில் படம் அனுப்புகிறவர்கள் தனி ரகம். அவர்களுக்கு இன்னொரு நாள் இருக்கிறது.)

இந்தத் தோல் மாற்றும் வேலையை வெள்ளைக்காரர்கள் நம்மை வைத்து எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள் என்பது கூடுதல் வேடிக்கை. ராட்சசன் டி அண்ட் டி-க்குள் வந்தது 1975-ல், தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ என்ற சின்னப் பத்திரிகை வழியாக. வால்மீகியிடமிருந்து வந்தானா, கம்பனிடமிருந்து வந்தானா? இரண்டும் இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஒளிபரப்பான கோல்சாக் என்ற அமெரிக்க டிவி தொடரின் ஓர் எபிசோடிலிருந்து வந்தான். 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அவனுக்குப் புலித்தலை, கையில் புகைக்குழாய். ஏதோ கிளப்பில் உட்கார்ந்திருக்கும் ஜமீன்தார் மாதிரி.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த டிவி எபிசோடில் ஓர் அருமையான சங்கதி இருந்தது. அது உன் முன்னால் வரும்போது, நீ யாரை அதிகம் நம்புகிறாயோ அவர் முகத்தோடு வரும். யோசித்துப் பாருங்கள், ராவணன் சீதைமுன் வந்ததும் அப்படித்தானே? வாசலில் நிற்கும் துறவிக்குப் பிச்சை போடாமல் இருக்க முடியாது என்ற அவள் வளர்ப்பையே அவன் சாவியாக்கிக்கொண்டான். அந்தப் பயம் அப்படியே ஆட்டத்துக்குள் வந்திருக்க வேண்டியது. வந்தது, ஆனால் ஒரு மாயாஜாலக் குறிப்பாகச் சுருங்கி வந்தது. எல்லாருக்கும் நினைவில் நிற்பது புலித்தலை. பழைய ஆட்டக்காரர் புலித்தலையைப் பார்த்தால் என்ன செய்வார்? மந்திரித்த அம்பைத் தேடுவார், அதுதான் அவன் சாவு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. முடிந்தது ராட்சசன் கதை.

நாலாவது வைத்தியம் குழி பறிப்பது. 1970களின் டிஎம்கள் இதில் கில்லாடிகள். ஆட்டக்காரர்கள் புதையல் பெட்டியைத் திறக்கிறார்களா? பெட்டியே மான்ஸ்டர், அதன் பெயர் மிமிக். கூரையில் தொங்கும் கற்கூம்பு மான்ஸ்டர். கூரையே மான்ஸ்டர். தரையே மான்ஸ்டர். உஷாராகிக் கதவில் காது வைத்துக் கேட்கிறார்களா? கதவு மரத்துக்குள் ஒரு பூச்சி, காதுக்குள் புகுந்து ஆளை முடிக்கும். இவை எல்லாமே அந்த 1977 புத்தகத்தில் இருக்கின்றன, நான் கதை விடவில்லை. விளைவு? ஆட்டக்காரர்கள் பத்தடிக் கழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு செங்கல்லும் குத்திப் பார்த்தபடி நகர ஆரம்பித்தார்கள். சாகசக் கதை போய், பொதுப்பணித்துறை ஆய்வு வந்தது. ஆட்டக்காரனுக்கு வரும் எரிச்சலை ஆச்சரியம் என்று கணக்கு எழுதிக்கொள்வது மோசடி.

சரி, திட்டியது போதும். அப்படியானால் எது புதுசு?

அதே கைகாக்ஸிடம் ஒரு பதில் இருக்கிறது. ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் கொண்ட பை ஒன்று அவர் கைக்கு வந்தது. டைனோசார் என்று சொல்லி விற்ற, டைனோசார் மாதிரியே இல்லாத பொம்மைகள். அதில் ஒன்றுதான் துரு மான்ஸ்டர் ஆனது. 1975-ல் கிரேஹாக் என்ற இணைப்பு நூலில் அச்சாகியது. பார்க்க ஏதோ வாலில் விசிறி வைத்த வண்டு. உங்களை அது ஒன்றும் செய்யாது. அதற்கு வேண்டியது உங்கள் இரும்பு. அதன் மீசை பட்டால் கவசம் துருவாகி உதிரும், வாள் பொடியாகும், அதை அது நக்கித் தின்னும். டிராகனைப் பார்த்து ஓடாத பத்தாம் நிலை வீரன் இந்த வண்டைப் பார்த்து ஓடினான். ஏன்? டிராகன் உயிரைத்தான் எடுக்கும், உயிரை மந்திரத்தால் மீட்டுக்கொள்ளலாம். வண்டு ரெண்டு வருஷமாகச் சேர்த்த வாளை எடுக்கும்.

உடம்பு ஒரு ரூபாய் பொம்மை. அதற்குள் வைத்த நிபந்தனைதான் மான்ஸ்டர். நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். அனுபவசாலிக்குப் புது உடம்பு காட்டாதீர்கள், அவன் ஆயிரம் உடம்பு பார்த்தவன். அவனுடைய எந்தப் பழக்கம் அவனுக்கே மறந்துபோன அளவுக்குக் கைவந்துவிட்டது என்று பாருங்கள். அந்தப் பழக்கத்தைத் தின்கிற ஒன்றைச் செய்யுங்கள்.

இதில் நேர்மையும் வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. பரிக்கல், பூவரசன்குப்பம், சிங்கிரிகுடி என்று மூன்று நரசிம்மர் கோயில்களை ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் வழக்கம். அந்தக் கதையை ஓர் ஆட்டக்காரன் கண்ணோடு பாருங்கள் (சாமியை மான்ஸ்டர் பட்டியலில் சேர்க்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள்). இரணியன்தான் உலகத்தின் முதல் அனுபவசாலி ஆட்டக்காரன். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். மனிதனாலும் கூடாது, விலங்காலும் கூடாது, பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே, வெளியே, மேலே, கீழே, ஆயுதத்தால், எல்லாம் கூடாது. ஓட்டையே இல்லாமல் வரம் எழுதி வாங்கிவிட்டான். முடிவில் வந்தது எதையும் மீறவில்லை. ஒரு வரத்தைக்கூட ரத்து செய்யவில்லை. அந்தி நேரம், வாசற்படி, மடி, நகம். அவன் சொன்ன சொற்களுக்கு நடுவில் இருந்த இடுக்கில்தான் அது நின்றது. செத்துப்போன ஆட்டக்காரன் "இது அநியாயம்" என்று சொல்ல முடியாது, "ச்சே, எல்லாம் என் கையிலேயே இருந்ததே" என்றுதான் சொல்ல முடியும். காதில் புகும் பூச்சி இந்தப் பரீட்சையில் தேறாது. துரு வண்டு தேறும்.

இன்னொரு ஆசாமி இருக்கிறார், முருங்கை மரத்தில். வேதாளம் என்றால் நமக்குப் பழமொழிதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் நிபந்தனையை ஒரு நிமிஷம் நிதானமாகப் பாருங்கள். தோளில் தூக்கிக்கொண்டு போகும் ராஜா வாய் திறக்கக் கூடாது. வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரியாவிட்டால் ஒரு பாதகமும் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பும். முட்டாள் ஒருவன் போயிருந்தால் முதல் நடையிலேயே வேலையை முடித்திருப்பான்! விஷயம் தெரிந்தவனுக்கு மட்டுமே ஆபத்தான ஜந்து இது. மூலக் கதைகள் 25. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா அதோடு நிறுத்தவில்லை. புதுப்புதுக் கதைகளாகப் பல பத்தாண்டுகள் மாதாமாதம் ஓட்டியது. வாளும் கையுமாக ராஜா, தோளில் பிணம், அந்த ஓவியர் சங்கர் வரைந்த படம் (அவர் 2020-ல் காலமானார்) எத்தனை தலைமுறைக்கு மனப்பாடம்! கதை எப்படி முடியும் என்று எல்லா வாசகருக்கும் தெரியும். தெரிந்தே வாங்கினார்கள். ஏனென்றால் உடம்பு மாறவில்லை, கேள்வி மாறியது.

"தெரியாத மாதிரி நடி" என்று கெஞ்சும் டிஎம் நண்பர்களே, உங்களுக்கு வேண்டியது இதுதான். நான் ஒரு வேதாளத்தை மேசைக்குக் கொண்டுவந்தேன். கண்ணுக்குத் தெரியாது, குகையில் எங்கோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் காதில் விழும்படி எந்தப் பலவீனத்தைச் சொன்னாலும், விடியும் வரை அந்தப் பலவீனம் உண்மை இல்லை. அவ்வளவுதான் விதி. அதற்குப் பல் கிடையாது, நகம் கிடையாது, ஹிட் பாயின்ட்கூட நான் எழுதவில்லை. பிறகு சாதாரண, அரதப்பழசான ட்ரோல் ஒன்றை அனுப்பினேன். எங்கள் குழுவின் மகா அனுபவசாலி வழக்கம்போல "தீ! தீ வைங்கடா!" என்று கத்தினான். வைத்தார்கள். ட்ரோல் தீக்குள் நின்று குளிர் காய்ந்தது. "அமிலம்!" என்றான். அதுவும் போச்சு. ஒவ்வொரு முறை அவன் புத்திசாலித்தனத்தைக் காட்டும்போதும் உலகத்தில் ஒரு வழி அடைபட்டது. அன்றைக்கு முதல் முறையாக ஆட வந்திருந்த முதலாமாண்டுப் பெண் ஒருத்திக்கு எந்த மான்ஸ்டரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. அவள்தான் கேட்டாள்: "அண்ணா, நீங்க சொல்லச் சொல்லத்தானே வேலை செய்யாம போகுது? கொஞ்சம் சும்மா இருங்களேன்." மீதி ஒன்றரை மணி நேரம் எல்லாரும் சைகையில் ஆடினோம். மெஸ்ஸில் இருந்து எட்டிப் பார்த்தவர்கள் எங்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள் :-)

இதே கலையில் நம்மில் பெரிய கை ஜெயங்கொண்டார். கலிங்கத்துப்பரணியைப் பள்ளியில் அருஞ்சொற்பொருளோடு படித்து வெறுத்திருப்பீர்கள். இப்படிப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டு. கேட்பவர்கள் சங்க காலத்திலிருந்து போர்க்களப் பேய்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். பிணம் தின்னும், குருதி குடிக்கும், ஆடும், எல்லாம் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு என்ன புதுசாகக் காட்டுவது? அவர் பல்லை நீளமாக்குவதோடு நிற்கவில்லை, பேய்களைப் பட்டினி போட்டார். போர் இல்லாததால் சோறு இல்லை, காளியிடம் வந்து அழுகின்றன. இமயத்துக்கு ஓடிப்போய் மாயம் கற்றுவந்த கிழப்பேய் ஒன்று போர்க்களத்தையே மாயமாகக் காட்ட, பசியில் மற்றதெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு வெறும் காற்றை வாரி வாயில் போடுகின்றன. கடைசியில் நிஜமான களம் கிடைத்ததும் கூழ் காய்ச்சிப் பந்தி பரிமாறுகிறார்கள். அதில் சமணப் பேய்க்கு ஒருவேளைதான் உணவு, அதையும் வடிகட்டிக் கொடுக்க வேண்டும். ஊமைப் பேய், குருட்டுப் பேய், கருவுற்ற பேய், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை. பேய்க்குச் சாப்பாட்டுப் பழக்கம் வைத்தவன் எவ்வளவு பெரிய டிஎம்!

அந்தப் பட்டினியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பழைய ஆட்டக்காரர்களின் தலையாய பழக்கம் கொல்வது. எதிரே வருவதை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், பிணத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னாலேயே மெலிந்து, தள்ளாடி, கும்பிடு போட்டபடி ஒரு பேய்க் கூட்டம் வரட்டும். தொந்தரவே இல்லாத, பரிதாபமான கூட்டம். நீங்கள் விட்டுப்போனதைத் தின்னும், நன்றி சொல்லும். ஐந்தாவது சண்டைக்குப் பிறகு அவை கொஞ்சம் தேறியிருக்கும். பத்தாவதுக்குப் பிறகு உங்களுக்காகச் சண்டையை அவையே தேடி இழுத்து வரும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. "புதுசே வேண்டாம், பழசைப் புத்தியோடு ஆடு" என்பார்கள். டக்கரின் கோபோல்டுகளை உதாரணம் காட்டுவார்கள். 1987-ல் டிராகன் பத்திரிகையின் 127ஆம் இதழில் ராஜர் மூர் எழுதிய தலையங்கம் அது. கோபோல்டு என்பது ஓர் அடிக்குச் சாகும் சுண்டெலி மாதிரியான ஜந்து. டக்கர் என்ற டிஎம் அவற்றைக் குறுகலான சுரங்கங்களில் வைத்து, தீயும் புகையும் சுவர் ஓட்டைகளும் கொடுத்து, கூட்டமாகத் திட்டமிட்டு அடிக்கவிட்டார். பெரிய நிலை ஆட்டக்காரர்கள் கீழ்த்தளத்துப் பிசாசுகளே தேவலை என்று ஓடினார்கள். அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பயமுறுத்தியது நல்ல படைத்தளபதி. அடுத்த முறை கோபோல்டு என்றதும் ஆட்டக்காரர்கள் ஈரத்துணியும் கேடயமும் எடுத்து வருவார்கள், அதுவும் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிடும். தளபதியைத் தளபதியால் ஜெயிக்கலாம். ஜெயிப்பதே தப்பாகப் போகும் ஒன்று எதிரே நின்றால் என்ன செய்வீர்கள்?

இதை நான் கோட்டக்குப்பத்துக்காரன் என்பதால் கேட்கிறேன். எங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: புதுச்சேரியை விட்டு வடக்கே ஈசிஆரில் வந்தால் மாநில எல்லை தாண்டியதும் நாங்கள்தான். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் எதிர்த்திசை. அது ஒரு நடக்கும் மணல் ஆறு. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே வரவேண்டியது வரவில்லை. முதலில் புதுச்சேரி நகரத்து மணற்கரை போனது. கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. அதற்கு வடக்கே அரித்தது. அங்கே கொட்டினால் அதற்கும் வடக்கே. இப்படியே எல்லை தாண்டி எங்கள் பக்கத்து மீனவர் குப்பங்களுக்கு வந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அந்தக் கரையோரமாக நடந்து பாருங்கள். கரைவலை இழுக்க நீளமான மணல் வேண்டும், படகு ஏற்றி வைக்க மேடு வேண்டும். கல் குவியல் மேல் எதை ஏற்றுவது? செரினிட்டி பீச் என்று போட்டோ எடுக்க வருகிறவர்கள் அந்தக் கற்களின் மேல்தான் உட்கார்ந்து சூரிய உதயம் பார்க்கிறார்கள்.

இதை மேசைக்குக் கொண்டுவந்தேன். பெயர் மணலுண்ணி. உருவம் சொல்லவே இல்லை, "இருட்டில் ஈரமாக ஏதோ நகர்கிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஆளைத் தொடாது. ராத்திரிக்கு நாற்பது அடி கரையைத் தின்னும். எங்கள் நாலு அனுபவசாலிகள் தென்கோடிக் குப்பம் ஒன்றைக் காக்க வந்த கூலி வீரர்கள். தீ வைத்தார்கள், உப்பு கொட்டினார்கள், மந்திர அம்பு விட்டார்கள், மூன்று மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அது கல்லைத் தொடுவதில்லை என்று கண்டுபிடித்து, மந்திரவாதி கடலோரமாகக் கற்சுவர் ஒன்றை எழுப்பினான். நாற்பது அடி நின்றது. ஊரே கொண்டாடியது, 300 பொற்காசு, விருந்து. "இவ்வளவுதானா?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்களுடைய பழைய பாத்திரங்களை நான் கொடுக்கவில்லை. நாலு புதுத் தாள் கொடுத்தேன். ஒரு வலைக்காரன், அவன் அக்கா, ஒரு படகு தச்சன், ஒரு கிழவி. அடுத்த குப்பம், வடக்கே. விடியற்காலையில் கரைக்குப் போகிறார்கள். எண்பது அடி காணோம். தச்சனாக ஆடியவன் தெற்கே பார்த்தான், "தூரத்துல என்ன தெரியுது?" என்று கேட்டான். வெயிலில் பளபளவென்று ஒரு கற்சுவர் என்றேன்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. "டேய், அது நாம கட்டினது."

குழி பறித்தேனா? இல்லை. முதல் நாளே ஊர்க் கிழவி சொல்லியிருந்தாள், அது ஒரு ராத்திரிகூடப் பட்டினி கிடந்ததில்லை என்று. கோயில் சுவரில் கடலோரக் குப்பங்களின் வரிசையும் வரைந்திருந்தது. சுவர் கட்டிய பிறகு அது எங்கே போய்ச் சாப்பிடும் என்று நாலு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. தன் ஊர் எல்லை முடியும் இடத்தில் வரைபடமும் முடிந்துவிடுவது ரொம்பப் பழகிய பழக்கம்.

இப்போது மேசையில் சண்டை ஓடுகிறது. ஒருவன் இங்கேயும் சுவர் கட்டலாம் என்கிறான். இன்னொருவன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்த் தென்குப்பத்துச் சுவரை இடிக்கலாம் என்கிறான், போன வாரம் விருந்து சாப்பிட்ட அதே ஊர். வலைக்காரனின் அக்காவாக ஆடுகிறவள், அந்த முதலாமாண்டுப் பெண்தான், எதற்கும் ஒப்பவில்லை. மணலுண்ணிக்கு இத்தனை நாள் இல்லாத பசி இப்போது ஏன் வந்தது, தென்குப்பத்துக்கும் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தச்சனிடம் படகு இருக்கிறது. ஞாயிறு நாலு மணிக்குத் தெற்கே கிளம்புகிறார்கள். பாதி வழியில் கடல் எப்படி இருக்கும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.